கோட்டா: வரம்பா, பங்கா?

கோட்டா என்றால் நமக்கு ரயில் டிக்கெட்டும் கல்லூரி சீட்டும்தான் நினைவுக்கு வரும். நார்வே, ஐஸ்லாந்து துறைமுகங்களில் அது, ஒரு படகு இந்த ஆண்டு எத்தனை டன் ஹெர்ரிங் பிடிக்கலாம் என்ற கணக்கு. ஹெர்ரிங், நம் சாளைக்குத் தூரத்து உறவு.

லத்தீனில் 'குவோட்' என்றால் 'எத்தனை'. 'குவோட்டா பார்ஸ்' என்றால் 'எத்தனையாவது பங்கு'. பின்னாளில் பங்கு என்ற பாதி உதிர்ந்துபோய் முன்பாதி மட்டும் நின்றது. வகுத்தல் கணக்கில் ஈவு என்று படித்தோமே, அதன் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான். ஆக, கோட்டா பிறப்பிலேயே பங்கு பிரிப்பதைச் சொல்லும் சொல். 'இதற்கு மேல் பிடிக்காதே' என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த இரண்டு பொருளும் குழம்பினால் என்ன ஆகும்? நார்வே கடல் ஹெர்ரிங்கைப் பாருங்கள். குளிர்காலம் முடியும் நேரத்தில் நார்வேயின் மேற்குக் கரையோரம், கடலடிச் சரளைக் கற்களில் ஒட்டும்படி முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு வடக்கே பாரன்ட்ஸ் கடலுக்குப் போய் வளர்கின்றன. முட்டையிடத் திரும்பி வர நான்கைந்து வருஷமாவது ஆகும். 1960களில், ஒலியை வைத்து மீன்கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியும், வலையை இழுக்கும் எந்திரமும் வந்தன. 1966இல் கிட்டத்தட்ட 20 லட்சம் டன் பிடித்தார்கள். எண்ணெய்க்கும் மீன்தூளுக்கும் குஞ்சுகளைக்கூட விடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீனே இல்லை. மீள இருபது ஆண்டுகள் போல ஆயின.

சரி, இப்போது அறிவியலாளர்கள் ஆண்டுதோறும் மொத்த அளவு சொல்கிறார்கள். அதை நாடுகளும் ஏற்கின்றன. தகராறு பங்கில்தான். பங்கு பிரிக்க நாடுகள் செய்திருந்த பழைய உடன்பாடு 2013இல் முறிந்தபின், ஒவ்வொரு நாடும் தன் கோட்டாவைத் தானே அறிவித்துக்கொள்கிறது. 2020க்குச் சொன்ன மொத்தம் சுமார் 5.25 லட்சம் டன். நாடுகள் அறிவித்தவற்றைக் கூட்டினால் சுமார் 6.9 லட்சம். அந்த ஆண்டு முடிவில் இந்த மீன்பிடிப்புக்கு எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்ற அமைப்பின் பெயரில் இருந்த, மீன்வளம் கெடாமல் பிடிக்கிறார்கள் என்பதற்கான நிலைத்தன்மைச் சான்று நிறுத்திவைக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தமிழில் ஒதுக்கீடு என்கிறோம். அரசு தன் படகுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது 'பிடி ஒதுக்கீடு' அழகாகப் பொருந்தும். நாடுகளுக்கிடையே ஒதுக்கித் தர மேலே யாரும் இல்லையே! அங்கே 'பங்கு' போதும். மீன் விற்ற காசைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிப்பதை நம் கடற்கரையிலும் பங்கு என்றுதான் சொல்வார்கள். மொத்த அளவுக்கு 'பிடிவரம்பு'. 'ஹெர்ரிங் கோட்டா மீறப்பட்டது' என்று செய்தி எழுதினால் விஷயமே மாறிவிடும். எந்த நாடும் தான் அறிவித்த கோட்டாவைத் தாண்டாமலே, எல்லாரும் சேர்ந்து பிடிவரம்பைத் தாண்டிவிடலாம்.