வேலி விலகிய தூரம்: 1906-இன் நிலநடுக்கங்கள்

சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே பொலினாஸ் என்ற ஊர்ப்பக்கம் நேர்கோடாகப் போன மரவேலி ஒன்று, 1906 ஏப்ரல் 18 அன்று காலை இரண்டு துண்டாக நின்றது. ஒரு துண்டு முடிந்த இடத்துக்கும் மற்றது தொடங்கிய இடத்துக்கும் பக்கவாட்டில் 2.6 மீட்டர் இடைவெளி. வேலிக்கம்பங்கள் சாயக்கூட இல்லை. அவை நின்ற தரைதான் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தது. ஜி. கே. கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதைப் படமெடுத்து வைத்தார். நிலநடுக்கம் எப்படி உண்டாகிறது என்பதற்கு இன்று பாடநூல்களில் உள்ள விளக்கம், இந்த வேலியைப் போன்ற சாட்சிகளிலிருந்து பிறந்தது.

அந்த ஆண்டு கலிஃபோர்னியா மட்டும் குலுங்கவில்லை. ஜனவரி 31 அன்று ஈக்வடார், கொலம்பியா கரையோரம் சுமார் 500 கி.மீ. நீளத்துக்குக் கடற்தரை முறிந்தது. மார்ச் 17 அன்று தைவானின் மெய்ஷான். ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோ. ஆகஸ்டில் அரை மணி நேர இடைவெளியில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளும் சிலியின் வல்பரைசோவும். செப்டம்பர் 14 அன்று நியூகினி. இவற்றில் சான்ஃபிரான்சிஸ்கோதான் பெயர் பெற்றது. அளவில் அது மற்ற பலவற்றுக்குத் தம்பி.

முதலில் வேலிக் கதையை முடிப்போம். சான் ஆன்ட்ரியாஸ் என்பது கலிஃபோர்னியாவை நெடுக வெட்டும் நிலப்பிளவு. அதன் மேற்கே பசிபிக் புவித்தட்டு, கிழக்கே வட அமெரிக்கத் தட்டு. மேற்குப் பக்கம் வடமேற்காக ஓயாமல் ஊர்கிறது. ஆனால் பிளவின் இரு முகங்களும் உராய்வால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் அந்த இடம் மட்டும் நகர்வதில்லை. தொலைவில் உள்ள நிலம் நகர, பிளவை ஒட்டிய நிலம் நிற்க, இடைப்பட்ட பாறை வளைகிறது. வளைத்துப் பிடித்த மூங்கில் கழியில் விசை ஏறுவது போலப் பாறையிலும் ஏறுகிறது. பிடிமானம் தாங்காமல் போகும் நொடியில் இரு பக்கமும் துள்ளி நேராகின்றன. பிளவின் மேல் நின்ற வேலி அப்போது இரண்டாகிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஃபீல்டிங் ரீட் இதை ஊகமாகச் சொல்லவில்லை. அவர் கையில் 1850-களிலும், 1870-80-களிலும், நிலநடுக்கத்துக்குப் பிறகு 1906-07-இலும் செய்த மூன்று முக்கோண நில அளவைகள் (தொலைவுப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துக் கோணம் அளந்து இடம் குறிப்பவை) இருந்தன. அவற்றை ஒப்பிட்டபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. நிலநடுக்க நாளில் பிளவுக்கு அருகில் உள்ள புள்ளிகள் அதிகம் நகர்ந்தன. விலகிப் போகப் போக நகர்வு குறைந்து மறைந்தது. ஆனால் தொலைவில், கடலில் உள்ள ஃபாரலான் கலங்கரை விளக்கம் போன்ற புள்ளிகள், அதற்கு முந்தைய 50 ஆண்டுகளிலேயே எதிர்ப்பக்கத்தை ஒப்பிட 3.2 மீட்டர் மெதுவாக நகர்ந்திருந்தன. ஆக, நகர்வு முதலில் தொலைவில் நடந்தது; அருகில் இருந்த நிலம் ஒரே நிமிடத்தில் அந்தக் கணக்கைத் தீர்த்தது. 1910-இல் வெளியான இந்த விளக்கத்தை மீட்சித் துள்ளல் கோட்பாடு எனலாம். புவித்தட்டுகள் என்ற கருத்தே அப்போது இல்லை. தட்டை எது தள்ளுகிறது என்று தெரியாமலே, தள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதை ரீட் சரியாகச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலம் ஏற்கனவே பாதி வளைந்திருந்த காலத்தில், உதாரணமாக நிலநடுக்கத்துக்குச் சில பத்தாண்டுகள் முன்பு, நேராகப் போட்ட வேலி என்னவாகும்? அது அறுபடுவதோடு நிற்காது, பிளவை நெருங்கும் இடத்தில் வளைந்தும் போகும். ஏனென்றால் நிலம் நேரானபோது, வளைந்த நிலத்தின் மேல் நேராகப் போட்ட கோடு கோணலாகிறது. வேலியின் வளைவே விசை சேர்ந்திருந்ததற்கு அத்தாட்சி.

அந்த அதிகாலை 5.12-க்குத் தொடங்கிய முறிவு, தெற்கே சான் ஹுவான் பட்டிஸ்டாவிலிருந்து வடக்கே மெண்டசினோ முனை வரை 477 கி.மீ. ஓடியது. டொமாலஸ் விரிகுடாவின் தலைப்பகுதியில் ஒரு சாலை சுமார் 6 மீட்டர் இடம்பெயர்ந்தது. இந்த எண்களைக் கொண்டே நிலநடுக்கத்தின் அளவைக் கணக்கிடலாம். பாறையின் விறைப்பு, முறிந்த பரப்பு, சராசரி நகர்வு ஆகிய மூன்றையும் பெருக்கினால் நிலநடுக்கத் திருப்புமை கிடைக்கும். விறைப்பு சதுர மீட்டருக்கு 3 × 10¹⁰ நியூட்டன். பரப்பு 477 கி.மீ. நீளம், சுமார் 12 கி.மீ. ஆழம், சராசரி நகர்வு 4.5 மீட்டர் என்று வைத்தால் பெருக்குத்தொகை ஏறத்தாழ 7.7 × 10²⁰ நியூட்டன்-மீட்டர். அதன் மடக்கையிலிருந்து 9.1-ஐக் கழித்து மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 7.86 வரும். நிலவியலாளர்கள் சொல்லும் 7.9 என்ற எண்ணின் பின்னணி இதுதான். ரிக்டர் தம் அளவுகோலைத் தந்தது 1935-இல். ஆகவே 1906-இல் யாரும் எந்த எண்ணையும் அறிவிக்கவில்லை. நாளிதழ்களில் இன்றும் ‘8.3 ரிக்டர்’ என்று அந்த நிலநடுக்கத்துக்குப் போடுவது பிற்காலத்துப் பழைய மதிப்பீடு.

இந்தக் கணக்கில் 12 கி.மீ. என்ற எண்தான் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சிறியதாக்கியது. சான் ஆன்ட்ரியாஸ் செங்குத்தான பிளவு. அந்த ஆழத்தைத் தாண்டியதும் பாறை சூடேறி இளகுவதால் அங்கே முறியாது, குழைந்து நகரும். ஈக்வடார் கரையில் நிலைமை வேறு. நாஸ்கா தட்டு தென் அமெரிக்காவின் அடியில் சாய்வாக, மெதுவாக இறங்குகிறது. குளிர்ந்த கடற்தட்டு உள்ளே போவதால் முறியக்கூடிய பாறை நெடுந்தூரம் கிடைக்கிறது. அகலம் 100 கி.மீ. அளவுக்குக்கூடப் போகும். நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அகலமோ எட்டு மடங்கு. ஈக்வடார் நிலநடுக்கத்துக்கு நெடுங்காலம் 8.8 என்று சொன்னார்கள். சுனாமிப் பதிவுகளை வைத்துச் செய்த அண்மை ஆய்வு ஒன்று 8.4 வரை குறைக்கிறது. எதை எடுத்தாலும் வெளியான ஆற்றல் சான்ஃபிரான்சிஸ்கோவைப்போல 5 முதல் 22 மடங்கு.

சுனாமியும் இதே காரணத்தால்தான் வேறுபட்டது. சாய்ந்த முறிவு கடற்தரையைத் தூக்கும். மேலே நிற்கும் நீர் முழுதும் எழும். ஜனவரி அலை ஹவாயின் ஹீலோ வரை போய்ச் சேர்ந்தது. பக்கவாட்டுப் பிளவு நீரைத் தூக்காது. சான்ஃபிரான்சிஸ்கோவின் பிரசிடியோவில் கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஓதமானியில் ஏப்ரல் 18 அன்று பதிவானது சுமார் 10 செ.மீ. மாற்றம் மட்டுமே.

ஆற்றலுக்கும் சாவுக்கும் நேரான உறவு இல்லை என்பதை மெய்ஷான் காட்டுகிறது. அளவு சுமார் 7.1. ஈக்வடாரில் வெளியானதில் எண்பதில் ஒரு பங்கு ஆற்றல்கூட இல்லை. ஈக்வடார், கொலம்பியாவில் இறந்தவர்கள் 500 முதல் 1,500 வரை என்பது மதிப்பீடு. தைவானில் 1,200-க்கும் மேல். காலை 6.43, பலர் வீட்டுக்குள். வீடுகள் சுடாத மண்கல்லில் கட்டியவை. மண்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பக்கவாட்டில் குலுங்கும்போது சுவரின் மூலைகள் முதலில் பிரியும், பிரிந்த சுவர் வெளியே சாயும், அதன் மேல் உட்கார்ந்திருந்த கனத்த கூரை நேராக உள்ளே இறங்கும்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் பெரும்பாலும் மரவீடுகள். மரம் வளைந்து கொடுக்கும், அதனால் குலுக்கலில் பல தப்பின. மோசமாக அடிபட்டவை பழைய ஓடைகளையும் சதுப்பையும் மண் கொட்டித் தூர்த்த மனைகளில் நின்ற கட்டடங்கள். கெட்டிப்பாறையில் வேகமாக வரும் அலை, நொடிக்கு 150 மீட்டர் வேகமே உள்ள சேற்றுமண்ணில் நுழையும்போது வேகம் இழக்கிறது. ஆற்றல் தேங்க, வீச்சு பெருக்கிறது. அதோடு மண்படலம் தனக்கென ஓர் ஊசல் காலம் வைத்திருக்கும். 15 மீட்டர் தடிமனுக்குக் கணக்கிட்டால், தடிமனின் நான்கு மடங்கை வேகத்தால் வகுக்க, 0.4 நொடி. மாடிக்கு 0.1 நொடி என்ற தோராய விதிப்படி நான்கு மாடிக் கட்டடத்துக்கும் அதே 0.4 நொடி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல மண் கட்டடத்தைத் தள்ளும். நீர் ஊறிய மணலானால் இன்னொரு கேடு: குலுங்கும்போது மணல் நெருங்கப் பார்க்கும், இடையில் உள்ள நீர் வழிவிடாது, அதன் அழுத்தம் மணற்துகள்களைப் பிரித்துவிடும். தரை குழம்பாகிறது. தூர்த்த நிலத்தில் நின்ற நான்கு மாடி வலென்சியா ஹோட்டலின் கீழ்த்தளங்கள் நசுங்கி, மேல்தளம் தெருமட்டத்துக்கு வந்தது.

பிறகு தீ. நகரத்தின் இழப்பில் பெரும்பகுதி குலுக்கலால் வந்தது அல்ல. வார்ப்பிரும்புக் குழாய் விறைப்பானது. அமிழும் மண்ணில் அது வளையாமல் ஒடியும். முதன்மைக் குழாய்களில் சுமார் 300 இடங்களிலும், வீட்டு இணைப்புகளில் 23,000-க்கும் மேற்பட்ட இடங்களிலும் உடைப்பு. தண்ணீர் நீர்த்தேக்கத்தில் இருந்தது, அணைகளும் நின்றன. ஆனால் ஒவ்வொரு உடைப்பிலும் வழிந்து, தீயணைப்புக் குழாய்முனைக்கு வரும்போது அழுத்தம் இல்லை. நகரின் தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் நிலநடுக்கத்திலேயே படுகாயமடைந்து சில நாளில் இறந்தார். தீ பரவாமல் தடுக்க இடைவெளி உண்டாக்குகிறோம் என்று கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடிமருந்து எரிந்த சிதறல்களைப் பரப்ப, சில இடங்களில் புதுத் தீ பிறந்தது. புகைபோக்கி விரிசல் விட்டது தெரியாமல் காலைச் சமையலுக்கு அடுப்பு மூட்டிய ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய தீயை இன்றும் ‘ஹாம் அண்ட் எக்ஸ்’ (பன்றி இறைச்சியும் முட்டையும்) தீ என்கிறார்கள். நெருப்புக்கு மட்டும் காப்பீடு இருந்ததால், இடிந்த வீட்டுக்குத் தாமே தீ வைத்தவர்களும் உண்டு. நான்கு நாளில் சுமார் 28,000 கட்டடங்கள் போயின. நகரின் 4 லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இறந்தவர் சில நூறு என்றது அன்றைய கணக்கு. 3,000-க்கும் மேல் என்கிறது பிற்கால ஆய்வு. இருபதாம் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் அன்று தண்ணீர் கொடுத்த குழாய்முனைக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 18 விடியலில் பொன்வண்ணம் பூசுகிறார்கள்.

நகரம் அதன்பின் குடிநீரோடு சேராத தனித் தீயணைப்பு நீர்வழியைப் போட்டது. ட்வின் பீக்ஸ் குன்றின் மேல் சுமார் 4 கோடி லிட்டர் தேக்கம், கடல்நீரை ஏற்ற இரண்டு இறைப்பு நிலையங்கள், தெருவடியில் நிலத்தொட்டிகள். தொட்டி உள்ள இடத்தைத் தெருவில் செங்கல் வட்டம் காட்டும். தளர்ந்த மண் பகுதிகளைத் தனியே அடைக்க வால்வுகளும் வைத்தார்கள். 1989 அக்டோபரில் லோமா பிரியட்டா நிலநடுக்கம் வந்தபோது இந்த வழியிலும் குழாய் உடைந்து நீர் வடிந்தது. மரீனா பகுதித் தீயை அணைக்க ‘ஃபீனிக்ஸ்’ என்ற தீயணைப்புப் படகு கடல்நீரை இறைத்துத் தந்தது. மரீனா, 1915 கண்காட்சிக்காகத் தூர்த்த நிலம். 1906-இன் பாடம் எழுதிய மை காயும் முன்பே அதே தவறு செய்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய நிலநடுக்கங்கள் ஒரே ஆண்டில் வந்தால், ஒன்று மற்றொன்றைக் கிளப்பியதா என்ற கேள்வி வரும். அலூஷியன், வல்பரைசோ இரண்டையும் பார்ப்போம். முன்னது உலக நேரப்படி ஆகஸ்ட் 17, 0.11-க்கு, பின்னது 0.40-க்கு. இடைத்தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ. தொலைதூரத்தில் நிலத்தைப் பலமாக அசைக்கக்கூடியவை மேற்பரப்பு அலைகள். அவை நொடிக்கு 4 கி.மீ. அளவில் போகும். சிலியை அடைய ஒரு மணி நேரம் வேண்டும். வல்பரைசோ அதற்கு முன்பே குலுங்கிவிட்டது.

பெரும் நிலநடுக்கம், அதாவது 8-உம் அதற்கு மேலும், சராசரியாக ஆண்டுக்கு ஒன்று என்று கொள்வோம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாமல் தற்செயலாக நடந்தாலும், ஒரே ஆண்டில் நான்கோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 1.9 விழுக்காடு. நூறாண்டில் ஓரிரு முறை அப்படி ஓர் ஆண்டு அமையும். 1906 அப்படி அமைந்தது. வல்பரைசோவுக்கு இதே நாளை முன்கூட்டிச் சொன்னவர் ஒருவர் இருந்தார்: கடற்படை வானிலைப் பிரிவின் ஆர்துரோ மிடில்டன். கோள்நிலையைக் கொண்டு கணித்து நாளிதழுக்கு எழுதினார், பலித்தும் விட்டது. கோள்களின் இழுவை பாறையில் சேர்க்கும் விசை மிக மிகச் சிறிது. பலித்த ஒன்றைத்தான் மக்கள் நினைவில் வைத்தார்கள். சிலி அரசு 1908-இல் ஃபிரெஞ்சு அறிஞர் மோந்தஸ்யூ த பல்லோரை அழைத்து நிலநடுக்க ஆய்வுத் துறையைத் தொடங்கியது.

அன்றைய பதிவுகள் எல்லாம் ஒரே தரமல்ல. ஜெர்மனியின் கோட்டிங்கனில் வீகெர்ட் என்ற அறிஞர் அமைத்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் ஊசல் ஆடிக்கொண்டே இருக்காமல் காற்றுத்தடை அடக்கும். சுமார் 9,000 கி.மீ. தள்ளியிருந்தும் சான்ஃபிரான்சிஸ்கோவின் அலைவடிவம் தெளிவாகப் பதிந்தது. உலகெங்கும் பரவியிருந்த, ஆங்கிலேய அறிஞர் ஜான் மில்னின் கருவிகளில் அந்த அடக்கம் இல்லை. ஒருமுறை தட்டினால் ஊசல் தன் போக்கில் ஆடி, நிலத்தின் ஆட்டத்தையும் தன் ஆட்டத்தையும் கலந்துவிடும். கொடைக்கானலிலும் 1899 முதல் மில்ன் கருவி இருந்தது. ஆகஸ்ட் 17 பதிவுகளில் அலூஷியன் அலை அடங்குமுன் சிலி அலை ஏறிக்கொண்டதால், எது எதனுடையது என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கு நூறாண்டு வேலையாயிற்று.

ஈக்வடார் பிளவு பிறகு துண்டு துண்டாக முறிந்தது: 1942, 1958, 1979. அந்த மூன்றின் திருப்புமையையும் கூட்டினாலும் 1906-க்குப் பழைய மதிப்பீடு தரும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். 2016 ஏப்ரலில் 7.8 அளவில் மறுபடி. ஒரே பிளவு ஒருமுறை முழுதாகவும் ஒருமுறை பகுதி பகுதியாகவும் முறியும் என்பதால், ‘இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்று தேதி குறிப்பது எடுபடுவதில்லை. வட சான் ஆன்ட்ரியாஸ் அப்படித் துண்டாக முறியவில்லை. 1906 முதல் பெரும்பாலும் பற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே பிளவுக்குத் தொலைவில் உள்ள நிலத்தின் நகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 24 மி.மீ. 120 ஆண்டுக்குப் பெருக்கினால் 2.9 மீட்டர். பொலினாஸ் வேலி விலகியது 2.6.