காமினோ நடைப்பயணம்: எந்தக் கட்டிலை முன்பதிவு செய்வது, எதை விட்டுவைப்பது

ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையான காமினோ தெ சாந்தியாகோவில் நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு நாங்கள் பயணத் திட்டம் போட உட்கார்ந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "முப்பத்து மூன்று இரவுக்கும் இப்போதே புக் பண்ணிவிடலாமா?" வேண்டாம். ஒன்றுமே பண்ணாமல் போவதும் வேண்டாம். பிரான்சின் சான் ஜான் பியே த போரில் தொடங்கி, வட ஸ்பெயினைக் குறுக்கே கடந்து சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவில் முடியும் 'பிரெஞ்சு வழி' ஏறக்குறைய 780 கி.மீ. இந்த நீளத்தில் கட்டிலுக்கு நிஜமாகவே தட்டுப்பாடு வருவது சில இடங்களில் மட்டும்தான். அவற்றைப் பிடித்து வையுங்கள். மீதி இரவுகளைக் கால் தீர்மானிக்கட்டும்.

காரணம் எளிது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ குதிகாலில் கொப்புளம் வரும், அல்லது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைநார் வீங்கும். ஒரு நாள் உட்கார்ந்தால் ஆறிவிடும். ஆனால் எல்லா இரவுக்கும் பதிவு வைத்திருப்பவர் ஒரு நாள் உட்கார்ந்தால், பின்னால் இருக்கும் 27 பதிவுகளும் ஒரு நாள் தள்ளிப் போகும். அத்தனை பேரையும் கூப்பிட்டு மாற்ற வேண்டும் என்ற மலைப்பிலேயே வீங்கிய காலோடு நடப்பார். அப்படி நடந்த நான்காவது நாள் பஸ்தான். பாதியில் நின்றுபோகும் பயணங்களில் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

இந்த வழியில் யாத்திரிகர் விடுதிக்குப் பெயர் ஆல்பெர்கே. எல்லா ஆல்பெர்கேயும் ஒன்றல்ல. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊராட்சி நடத்தும் விடுதிகளும், கலீசியா மாநிலத்தில் 'ஷுண்டா' என்ற மாநில அரசு நடத்தும் விடுதிகளும் பொது வகை. ஷுண்டா விடுதியில் முன்பதிவே கிடையாது. மதியம் 1 மணிக்குத் திறப்பார்கள், வந்த வரிசைப்படி கட்டில், ஏறக்குறைய 10 யூரோ. ஒரு இரவு மட்டும்தான். காலை 8 மணிக்குள் காலி செய்ய வேண்டும். 'கிரெதென்சியால்' என்ற யாத்திரிகர் அட்டை கையில் இல்லாவிட்டால் இடமும் இல்லை. அடுத்து, தேவாலயங்களும் யாத்திரிகர் சங்கங்களும் நடத்துபவை. இவற்றில் பல 'தொனதீவோ': கட்டணம் என்று ஒன்று இல்லை, உண்டியல் இருக்கும். இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வருகிறவரின் காலை உணவுக்கு இன்று நீங்கள் போடும் பணம்தான் வழி. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 15 யூரோவாவது போடுங்கள். கிரான்யோனில் தேவாலயத்தை ஒட்டிய விடுதியில் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கை. எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். முதுகு தாங்குமென்றால் தவறவிடக் கூடாத இடம். மூன்றாவது வகை தனியார். பொது விடுதியைவிடச் சில யூரோக்கள் கூடும். போனிலோ வாட்ஸ்அப்பிலோ பதிவு எடுப்பார்கள். முன்பதிவு என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையைப் பற்றித்தான்.

சரி, எங்கே பிடித்து வைப்பது? முதல் இடம் பிரனீஸ் மலையேற்றம். சான் ஜானிலிருந்து ரொன்செஸ்வால்யெஸ் வரை 25 கி.மீ.; ஏறத்தாழ 1,250 மீட்டர் ஏறியாக வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே இதை ஒரே மூச்சில் ஏறுவது பலருக்கு அதிகம். எட்டாவது கிலோமீட்டரில் ஒரிஸோன் என்ற சிறிய தங்குமிடம் உண்டு. அங்கே இரவு தங்கினால் ஏற்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். கட்டில்கள் குறைவு என்பதால் மே, செப்டம்பர் மாதங்களுக்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். நாள் முடிவானதும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ரொன்செஸ்வால்யெஸ் மடத்து விடுதியில் 183 கட்டில்கள். பெரிய விடுதிதான், ஆனாலும் அடுத்த ஊர்களில் அவ்வளவு இடமில்லை. அங்கே தூங்கி எழுந்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் சுபிரியில் போய் விழுவார்கள். முதல் மூன்று இரவுக்கும் பதிவு வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலை உச்சி வழியை மூடிவிடுவார்கள். அப்போது பள்ளத்தாக்கு வழியாக வால்கார்லோஸ் போகும் பாதைதான். ஒரிஸோன் அந்தப் பாதையில் வராது.

ஜூலை 6 முதல் 14 வரை பாம்ப்லோனாவில் சான் ஃபெர்மின் திருவிழா. அந்த வாரத்தில் நகருக்குள் தங்க நினைக்காதீர்கள். முன்பாகவோ பின்பாகவோ உள்ள ஊரில் தங்கி, நகரைப் பகலில் கடந்துவிடுங்கள்.

நடுவில் வருவது மெசேட்டா சமவெளி. இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, ஊருக்குத்தான் பஞ்சம். கரியோன் தெ லோஸ் கோந்தெஸைத் தாண்டினால் கல்சதீயா தெ லா குவேசா வரை 17 கி.மீ.க்கு ஒரு ஊரும் கிடையாது. மாலை 3 மணிக்குக் கரியோனுக்கு வந்து இடமில்லை என்று கேட்டால், "அடுத்த ஊருக்குப் போகலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. முந்தைய இரவே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

நெருக்கடி முற்றுவது கலீசியாவில் உள்ள சாரியாவில். யாத்திரையை முடித்தவர்களுக்குத் தரும் 'கொம்போஸ்தேலா' சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும். சாரியாவிலிருந்து சாந்தியாகோ ஏறத்தாழ 115 கி.மீ. என்பதால் ஏராளமானோர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். 2024இல் சான்றிதழ் பெற்றவர்கள் 5 லட்சத்துக்குச் சற்றே குறைவு. புனித யாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு; அடுத்து வருவது 2027. அந்த ஆண்டு கூட்டம் இன்னும் ஏறும். இந்தக் கடைசி ஐந்து நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவு செய்யலாம். அதற்குள் உங்கள் வேகம் உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.

இங்கே ஒரு உபாயம் உண்டு. கையேடுகளும் செயலிகளும் எல்லோரையும் ஒரே ஊர்களில்தான் நிறுத்துகின்றன: போர்தோமரின், பலாஸ் தெ ரேய், அர்சுவா, ஓ பெத்ரோசோ. நீங்கள் சில கிலோமீட்டர் முன்போ பின்போ நில்லுங்கள். அர்சுவாவுக்கு 3 கி.மீ. முன்னால் ரிபதீசோவில், ஆற்றங்கரையில், பழைய யாத்திரிகர் மருத்துவசாலைக் கட்டடத்தில் ஷுண்டா விடுதி இருக்கிறது. அர்சுவாவுக்கு 11 கி.மீ. தாண்டி சல்சேதா. கட்டிலும் சுலபமாகக் கிடைக்கும், மறுநாள் காலை கூட்டத்துக்கு நடுவில் நடக்கவும் வேண்டாம்.

ஊர்ப்பெயரை இரண்டு முறை பாருங்கள். வில்யாஃப்ராங்கா மோந்தெஸ் தெ ஓகா, வில்யாஃப்ராங்கா தெல் பியெர்சோ இரண்டும் இதே வழியில் உள்ளவை. நடுவே 300 கி.மீ.க்கு மேல் தூரம். தேடும்போது முதலில் வந்த பெயரை அழுத்திவிட்டு, மாலையில் விடுதி வாசலில் திகைத்து நிற்பது நடக்கிற விஷயம்தான்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தைப் பார்க்காமல் தேதியைப் பாருங்கள். கடந்த இரண்டு மாதத்தில் எழுதியவற்றில் 'சின்சேஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மூட்டைப்பூச்சி என்று பொருள். பிறகு கட்டிலுக்கு எத்தனை குளியலறை என்று கணக்குப் பாருங்கள்: 40 கட்டிலுக்கு இரண்டு குளியலறை என்றால் மாலை 4 மணிக்கு வரிசைதான். சமையலறை உண்டு என்று போட்டிருந்தாலும் பாத்திரம் உண்டா என்று கேளுங்கள். கலீசியாவின் பொது விடுதிகள் பலவற்றில் அடுப்பு இருக்கும், ஒரு சட்டிகூட இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இரவு உணவு தரும் விடுதியில் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். போய்ச் சேர்ந்தபின் சொன்னால் சாலட்டும் ரொட்டியும்தான் கிடைக்கும்.

பையைக் கட்டிலில் வைக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். போன் டார்ச்சை அடித்து, மெத்தையின் மூலையைத் தூக்கி, ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். பேனா மை தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால், ஈரத் துணியால் ஒன்றைத் தேய்த்துப் பாருங்கள். துருநிறத்தில் இழுபட்டால் அது பூச்சியின் எச்சம். கட்டில் சட்டத்தின் இணைப்புகளையும் சுவரோரத்தையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் கத்தாமல் பொறுப்பாளரிடம் காட்டி, வேறு அறை கேளுங்கள், அல்லது கிளம்புங்கள். ஏற்கெனவே கடி வாங்கியிருந்தால், துணியையும் ஸ்லீப்பிங் பேக்கையும் உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். துவைத்தால் மட்டும் போதாது. பூச்சியைக் கொல்வது வெப்பம். அடுத்த விடுதிக்குப் போனதும் இதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நீங்களே அதைச் சுமந்து பரப்புகிறவர் ஆவீர்கள்.

பையை வண்டியில் முன்னே அனுப்பும் சேவை இருக்கிறது. ஆனால் ஷுண்டா விடுதிகள் அப்படி வரும் பையை வாங்குவதில்லை. பை அனுப்பும் நாளில் தனியார் விடுதிப் பதிவு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். பொது விடுதிகளோ பெரும்பாலும் முன்பதிவு எடுப்பதில்லை. பிரான்சில் தொடங்கினாலும் அதிக நாள் கழிப்பது ஸ்பெயினில் என்பதால் விண்ணப்பம் ஸ்பெயினுக்குத்தான். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய பதிவுகளை, பெரும்பாலும் பெரிய ஊர்களில், நடக்கும் தேதிக்கு ஒத்துவரும்படி போட்டு, நாள்வாரித் திட்டத்தோடு சேர்த்துக் கொடுங்கள். விசா கைக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் எல்லைக் காவல் அதிகாரியும் தங்குமிடம் கேட்கலாம். நடக்க நடக்க, தேவைப்படாததை மூன்று நான்கு நாள் முன்னதாக விடுவித்துக்கொண்டே போங்கள்.

பதிவு செய்யும்போது எத்தனை மணி வரை கட்டிலை வைத்திருப்பார்கள் என்று கேட்பது முக்கியம். மதியம் 2 அல்லது 3 மணிக்கு மேல் விட்டுவிடும் விடுதிகள் உண்டு. தாமதமானால் வழியிலிருந்தே ஒரு செய்தி அனுப்பினால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். "உனா காமா பாரா மன்யானா" என்றால் நாளைக்கு ஒரு கட்டில். "அபாஹோ, போர் ஃபவோர்" என்றால் தயவுசெய்து கீழ்க்கட்டில். முழங்கால் வலிக்காரர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். கதவில் "கொம்ப்லேதோ" என்று தொங்கினால் இடம் நிரம்பிவிட்டது. போகவில்லை என்று முடிவானால், "நோ புவேதோ இர், கன்செலோ லா ரெசெர்வா" என்று முந்தைய மாலையே அனுப்புங்கள். அப்படி அனுப்பினால்தான், வெயிலில் வாசலில் நிற்கும் ஒருவருக்கு அந்தக் கட்டில் போய்ச் சேரும்.