மூத்தது மேலே, இளையது கீழே

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கவுண்டி சதர்லாந்து. அதன் தெற்கு எல்லையோரம் நாக்கன் கிராக் என்றொரு பாறைச் சரிவு. சரிவின் அடியில் இருப்பது வெளிறிய சுண்ணாம்புக்கல், வயது சுமார் 50 கோடி ஆண்டுகள். அதன்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கும் கறுத்த மோயின் பாறையோ, ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மணலும் சேறுமாகப் படிந்தது. அடுக்கடுக்காகப் படிந்த பாறையில் கீழே இருப்பதுதான் மூத்தது என்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். இங்கே அது தலைகீழாகக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் நிலவியலாளர்கள் இதற்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள்.

சண்டைக்குப் போகுமுன் மேற்குக் கடற்கரையிலிருந்து தொடங்குவோம். அங்கே தரையில் தெரிவது லூயிசியன் நைஸ் என்ற உருமாறிய பாறை. சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். அதன் மிகப் பழைய பகுதிகளுக்கு வயது 300 கோடி ஆண்டுகளை நெருங்கும். ஸ்கௌரி என்ற ஊரைச் சுற்றியுள்ள நைஸ், புவியோட்டின் ஆழத்தில், நீர் வற்றிப்போன கடும் வெப்பத்தில் உருமாறியது. சென்னைப் பல்லாவரம் குன்றுகளில் உள்ள சார்னோகைட் பாறையும் அதே மாதிரியான ஆழத்திலும் வெப்பத்திலும் உருவானதுதான்.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த நைஸின் விரிசல்களில் எரிகுழம்பு ஏறி உறைந்தது. அப்படி உருவான கறுப்புச் சுவர்களை டைக் என்பார்கள். ஸ்கௌரியில் அவை இன்றும் நேராக நிற்கின்றன. வடக்கே லாக்ஸ்ஃபர்டு பக்கம் போனால் அதே டைக்குகள் வளைந்து, நசுங்கி, உருமாறிக் கிடக்கின்றன. ஜான் சட்டன், ஜேனட் வாட்சன் என்ற நிலவியலாளர் தம்பதியர் 1951-இல் இதை வைத்தே ஒரு முடிவுக்கு வந்தார்கள். டைக் வெட்டிச் சென்ற நெளிவுகள் அதற்கு முந்தியவை; டைக்கையே நெளித்த அழுத்தம் அதற்குப் பிந்தியது. ஆக, ஒன்றுபோலத் தெரியும் நைஸுக்குள் காலத்தால் வெகுவாக விலகிய இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. காலக்கணிப்புக் கருவிகள் எதுவும் கையில் இல்லாமல், எது எதை வெட்டுகிறது என்று மட்டும் பார்த்துச் சொன்னது இது. பின்னாளில் கதிரியக்க அளவீடுகளும் அந்த வரிசையை உறுதிசெய்தன. இரண்டாம் கட்டம் சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது.

அந்த நைஸ் அரிக்கப்பட்டுக் குன்றும் பள்ளத்தாக்குமாக வெளியே வந்தபின், 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக, ஆறுகள் அதன்மேல் சிவப்பு மணலைக் கொட்டின. அதுதான் டொரிடோனியன் மணற்கல். நைஸ் தரையிலிருந்து தனித்தனியாக எழும் சுயில்வன், க்வினாக் மலைகள் இந்த மணற்கல்லில் அரிபடாமல் மிஞ்சியவை. மேற்கே ஸ்டோயர் பகுதியில் இதற்குள்ளேயே ஒரு விசித்திரமான அடுக்கு உண்டு. எரிமலைச் சேறு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். விண்கல் மோதியதில் சிதறி விழுந்த பொருள் அது என்று 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மோதலின் அதிர்ச்சி அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்களில் கோடுகளாகப் பதிந்திருந்தது.

மணற்கல் அடுக்குகள் மேற்கு நோக்கிச் சாய்ந்தன. பிறகு கடல் வந்து அவற்றை மட்டமாக அரித்து, மேலே வெண்மணலைப் பரப்பியது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கேம்பிரியன் காலத்தின் அந்த மணல்தான் இன்றைய குவார்ட்சைட். அதற்கும் பிறகு மொத்த நிலமும் கிழக்கே சாய்ந்தது. இரண்டு சாய்வும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டதால், க்வினாக்கில் சிவப்பு மணற்கல் மட்டமாகவும், அதன்மேல் படிந்த வெள்ளைக் குவார்ட்சைட் சாய்வாகவும் தெரிகிறது. முதலில் பார்ப்பவர் எது சாய்ந்தது என்று தவறாகத்தான் சொல்வார்.

குவார்ட்சைட்டின் மேற்பாதியில் செங்குத்தாகக் குழாய் குழாயாக வெள்ளைத் தடங்கள் தெரியும். கடற்கரை மணலில் வளை தோண்டி வாழ்ந்த புழு போன்ற உயிரிகளின் வளைகள் அவை. இந்தக் குழாய்ப் பாறைக்கு மேல் பழுப்புநிறச் சேற்றடுக்கு, பிறகு மெல்லிய மணலடுக்கு, அதற்கும் மேல் டர்னெஸ் சுண்ணாம்புக்கல். வரிசை எங்கும் மாறுவதில்லை. அந்த ஒழுங்குதான் பின்னால் வழக்கைத் தீர்த்துவைத்தது.

இனிச் சண்டை. சுண்ணாம்புக்கல்லைத் தாண்டிக் கிழக்கே போனால் மேலே வருவது உருமாறிய மோயின் பாறை. பிரிட்டனின் நிலவியல் அளவைத் துறையின் தலைவர் ராடரிக் மர்ச்சிசன், மேலே இருப்பதால் அது இளையதுதான் என்றார். அபெர்டீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கல் மறுத்தார். கீழே உருமாறாத சுண்ணாம்புக்கல், மேலே உருமாறிய பாறை, இது எப்படிப் பொருந்தும்? நடுவே ஒரு பிளவு இருந்தாக வேண்டும் என்றார். பதவி யாரிடம் இருந்ததோ அவர் சொன்னதே வரைபடத்தில் ஏறியது. நிக்கல் 1879-இல் இறந்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்று தெரிய மேலும் ஐந்தாண்டுகள் ஆயின.

பள்ளி ஆசிரியராக இருந்து பேராசிரியரான சார்ல்ஸ் லாப்வர்த், 1882-லும் 1883-லும் எரிபால் என்ற கடற்கழியின் கரையில் அங்குலம் அங்குலமாக வரைபடம் தயாரித்தார். ஒரே அடுக்கு வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். குழாய்ப் பாறை, சேற்றடுக்கு, மணலடுக்கு, மறுபடியும் குழாய்ப் பாறை. ஒரே அடுக்கு துண்டு துண்டாக உடைந்து, நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால்தான் அப்படி வர முடியும். வேலைப்பளுவில் அவர் நோய்வாய்ப்பட்டார். அதே 1883-இல் துறையின் புதிய தலைவர் ஆர்ச்சிபால்டு கீக்கி, பென் பீச், ஜான் ஹார்ன் இருவரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார். மர்ச்சிசனின் கருத்து உறுதிப்படும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அவர்களும் லாப்வர்த் கண்டதையே கண்டார்கள். கீக்கி நேரில் வந்து பார்த்து, 1884-இல் நேச்சர் இதழில் தம் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டார். தன் துறை கால் நூற்றாண்டு காலம் காத்த கருத்தைத் தானே அச்சில் மறுப்பது லேசான காரியமில்லை. 1891-இல் அந்தப் பழுப்புச் சேற்றடுக்கில் ஓலினெல்லஸ் என்ற ட்ரைலோபைட்டின் (அழிந்துபோன ஒருவகைக் கடல் உயிரினம்) எச்சங்கள் கிடைத்தன. சைலூரியன் என்று மர்ச்சிசன் சொன்ன அடுக்குகள் அதைவிடப் பழைய கேம்பிரியன் என்று அதனால் தெளிவாயிற்று. அந்த உயிரினத்தின் நெருங்கிய உறவினங்கள் வட அமெரிக்காவில் இருந்தன. வடமேற்கு ஸ்காட்லாந்து அன்று அந்தக் கண்டத்தின் விளிம்பாக இருந்தது.

எல்லாம் சரி, கிலோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள, மோயின் போன்ற பாறைத் தகடு இன்னொன்றின்மேல் எப்படி ஏறும்? கண்டங்களுக்கு இடையே இருந்த பெருங்கடல் மூடி, அவை மோதியபோது கிழக்கிலிருந்து அழுத்தம் வந்தது. பாறைகள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருந்த பலவீனமான தளங்களில் வழுக்கி மேற்கே நகர்ந்தன. துளைகளில் சிக்கிய நீரின் அழுத்தம் மேலிருக்கும் பாறையின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் உராய்வு குறைகிறது. மொத்தத் தகடும் ஒரே மூச்சில் நகர வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஒரு கோடி ஆண்டில் 100 கிலோமீட்டர் ஆகிவிடும். அளவைக் குழுவில் இருந்த ஹென்றி கேடல் மணலும் களிமண்ணும் சாந்தும் அடுக்கிய பெட்டியை ஒரு பக்கமிருந்து திருகி நெருக்கிப் பார்த்தார். சதர்லாந்தில் வரைந்த அதே அமைப்பு பெட்டிக்குள் வந்தது.

வழுக்கிய தளத்தை ஒட்டிய பாறை இழுபட்டு, மெல்லிய பட்டைகள் கொண்ட மைலனைட் ஆகியிருக்கிறது. க்ளென்கூல் என்ற இடத்துக்கு அருகே புழுக் குழாய்களும் அதோடு சேர்ந்து சாய்ந்து நீண்டுவிட்டன. முதலில் அவை செங்குத்து என்பது தெரிந்ததால், எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று அளந்தே பாறை எவ்வளவு இழுபட்டது என்று கணக்கிடலாம்.

இந்த நகர்வு எப்போது நடந்தது என்பதற்கும் டைக் தர்க்கமே கைகொடுத்தது. பொராலன் ஏரியைச் சுற்றி, எரிகுழம்பு உறைந்து உருவான சையனைட் என்ற பாறைகள் இருக்கின்றன. நகர்வு நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியே அவை உள்ளே புகுந்தன. அவற்றிலுள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கணக்கிட்டால் வரும் விடை, சுமார் 43 கோடி ஆண்டுகள்.