வயர் வாங்குவதற்கு முதல் போனைக் காட்டுங்கள்

போன மாதம் மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து ஓர் அம்மா எங்கள் றிப்பேர் கடைக்கு வந்தார். பைக்குள் மூன்று வயர்கள். எல்லாமே ஒரு முனை போனில் செருகும் டைப்-சி, மறுமுனை டிவியில் செருகும் எச்டிஎம்ஐ. "ஒண்டும் வேலை செய்யுதில்ல மனே, டிவி பழுதாப் போச்சுதோ?" என்று கேட்டார். மகளின் கலியாண வீடியோ போனில் இருந்தது. அதைப் பெரிய திரையில் பார்க்க ஆசை.

டிவியில் பிழை இல்லை, வயரிலும் பிழை இல்லை. அவருடைய போனால் அந்தத் துளை வழியாகப் படம் அனுப்பவே முடியாது. மூன்று வயரை விற்றவர்களில் ஒருவர்கூடப் போனை வாங்கிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதன் வழியே வீடியோ வெளியே வர, போனுக்குள் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி இருக்க வேண்டும். சாம்சங்கில் 2017இல் வந்த எஸ்8 முதல் எஸ் வரிசைப் போன்கள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. நம் பக்கம் அதிகம் ஓடும் ஏ வரிசையில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஐபோன் 15இல் உண்டு. அதற்கு முந்திய ஐபோன்களின் துளையே வேறு, அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். உங்கள் போனின் மொடல் பெயரோடு இந்த வசதியின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு விலையான வயர் வாங்கினாலும் படம் வராது.

சரி, வயர் இல்லாமல்? ஸ்மார்ட் டிவி என்றால் இரண்டு வழி. யூடியூப்பில் காஸ்ட் அடையாளத்தை அழுத்தினால், போன் எந்த வீடியோ என்று மட்டும் சொல்லும். டிவியே வைஃபை வழியாக அதை எடுத்துக்கொள்ளும். போன் சூடாகாது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். மற்றது போன் திரையை அப்படியே டிவியில் காட்டுவது. சாம்சங்கில் இதற்கு ஸ்மார்ட் வியூ என்று பெயர். பற்றரி வேகமாக இறங்கும். ஆனால் போனில் ஏற்கெனவே உள்ள வீடியோ என்றால் டேட்டா செலவில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: வங்கியிலிருந்து வரும் ஓடிபி உட்பட எந்த மெசேஜும் திரையில் விழலாம். வீட்டில் ஆட்கள் கூடியிருக்கும்போது நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த அம்மாவின் டிவி ஸ்மார்ட் இல்லை. அதனால் பென்டிரைவ்தான். ஓடிஜி (பென்டிரைவைப் போனில் செருக உதவும் சின்ன அடாப்டர்) போட்டுப் போனிலிருந்து கொப்பி பண்ணினேன், பாதியில் நின்றது. கலியாண வீடியோ ஒரே கோப்பாக 4 ஜிபிக்கு மேல். பென்டிரைவோ ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருந்தது. அந்த முறை 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறைக்கு மாற்றியதும் ஏறியது, அவருடைய டிவியும் வாசித்தது. பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டை வாசிக்காது. அப்போது வீடியோவைத் துண்டுகளாக வெட்டிப் போட வேண்டிவரும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் பென்டிரைவில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இங்கே இடி எப்படி விழும் என்று தெரியும்தானே. வயர் போட்டுப் பார்க்கிறவர்கள் வானம் இருட்டத் தொடங்கியதுமே போனைக் கழற்றுங்கள். டிவி பிளக்கையும் அன்டெனா வயரையும் இழுத்துவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.