முதல் புகாரிலேயே பாதி வழக்கு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான ஒரு வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானால், ஊரில் எல்லோரும் தீர்ப்பைத்தான் பேசுவார்கள். வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிற எங்களுக்குக் கண்ணில் படுவது வேறு. சம்பவத்தன்று மருத்துவமனையில் சொன்னதும், மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். சிறப்பு நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று அரசுத் தரப்புக்கு உதவும் வழக்கறிஞன் என்ற முறையில், அந்த முதல் இரண்டு நாட்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத விரும்புகிறேன்.

அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனதும் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார் அடித்தார்கள், எத்தனை பேர், தெரிந்தவர்களா, கையாலா கட்டையாலா, எங்கே, எத்தனை மணிக்கு என்று அவர் கேட்பதற்குச் சொல்லும் பதில் அப்படியே அதில் ஏறிவிடும். பயத்தினாலோ, கூட வந்த பெரியவர் சொல்லிக் கொடுத்ததாலோ, "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. சிலர் ஆறு பேர் அடித்திருக்க, ஞாபகத்துக்கு வந்த இரண்டு பேரை மட்டும் சொல்வார்கள். ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அந்தப் பதிவேட்டின் நகலைத்தான். கூடப் போகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி, அடிபட்டவர் சொல்வது முழுதாகப் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்வது.

அடுத்தது புகார் மனு. இங்கே கூச்சம்தான் எதிரி. சாதிப் பெயரைச் சொல்லி, வாய் கூசும் வார்த்தைகளால் நடுத்தெருவில் திட்டியிருப்பார்கள். மனுவிலோ "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று ஒரே வரி இருக்கும். மனு எழுதிக் கொடுப்பவர் நாகரிகம் கருதி அப்படி எழுதுகிறார். சொல்பவரும், குறிப்பாகப் பெண்கள், அந்த வார்த்தையைத் தம் வாயால் திரும்பச் சொல்ல மனமின்றி விட்டுவிடுகிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3(1)(எஸ்), பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்குகிறது. என்ன சொன்னார், எங்கே நின்று சொன்னார், யார் காதில் விழுந்தது என்ற மூன்றும் மனுவில் இருந்தால்தான் அந்தப் பிரிவு நிற்கும். நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாதபோது பேசியது பொதுமக்கள் பார்வையில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆகவே அருகில் நின்றவர்களின் பெயர் முக்கியம்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறான எண்ணமும் உலவுகிறது. "சாதியைச் சொல்லித் திட்டவில்லையே, பிறகெப்படி இந்தச் சட்டம் வரும்?" என்று காவல் நிலையத்திலேயே கேட்பார்கள். வரும். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, எதிரில் இருப்பவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே காயப்படுத்துவது, மிரட்டுவது போன்ற, சட்டத்தின் அட்டவணையில் பட்டியலிடப்பட்ட குற்றங்களைச் செய்தால் பிரிவு 3(2)(விஏ) பொருந்தும். தெரியாது என்று தப்பிக்க முடியுமா? பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ ஏற்கெனவே அறிந்தவர் என்றால், சாதி தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமத்தில் யாருக்கு யார் தெரியாது?

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறியவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. அதே தெரு, அதே வசவு, ஆனால் இந்தச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுப் பிரிவுகள் மட்டுமே. சாதிச் சான்றிதழை முதலிலேயே பார்த்துவிடுவது பின்னால் வரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

புகாரைக் கொடுத்ததும் பெரும்பாலும் கிடைப்பது மனு ரசீது. பலர் அதையே வழக்குப் பதிவு என்று நம்பி வீடு திரும்பிவிடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் நகல்; அது இலவசம். "விசாரித்துவிட்டுப் பதிவு செய்கிறோம்" என்றால், 2018இல் சேர்க்கப்பட்ட பிரிவு 18ஏ-வைச் சுட்டிக்காட்டுங்கள்: பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால், கையெழுத்துக்கு முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது பிரிவு 4 சொல்லும் கடமை. "எல்லை எங்களுடையது இல்லை" என்று சொல்லிக் காவல் நிலையம் பதிவை மறுக்க முடியாது. மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். தேசிய உதவி எண் 14566.

வழக்குப் பதிவானவுடன் இரண்டு காரியங்கள் நடக்கும். எதிர் வழக்கு ஒன்று வரும். அடித்தவரும் மருத்துவமனையில் படுத்துக்கொள்வார். பிறகு, "நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாமா?" என்று சமரசம் பேச ஆட்கள் வருவார்கள். இந்த இரண்டாவதுதான் பல வழக்குகளைக் கொல்கிறது. அக்கறையோடு பேசுவதுபோல் வரும் உறவினரைச் சமாளிப்பது, மிரட்ட வரும் ஆளைச் சமாளிப்பதைவிடக் கடினம். வயலில் வேலை நிற்கும், கடையில் பொருள் தர மறுப்பார்கள். அந்த விலக்கிவைப்பும் பிரிவு 3(1)(இசட்சி)-யின்படி தனிக் குற்றம். நடந்த தேதியையும் ஆளையும் குறித்துவைத்துத் தனிப் புகாராகவே கொடுக்கலாம்.

அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பெரிதாக எதையும் சொல்வதில்லை. பார்த்ததைச் சாட்சி சொல்லுங்கள். வேலை நின்றுபோன வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள். எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பாமல், அழிக்காமல், எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள். சமரசம் பேச நீங்கள் போகாதீர்கள்.

பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணப் பணமான தீருதவித் தொகை பற்றி ஒரு வார்த்தை. "காசுக்காகக் கேஸ் போட்டிருக்கிறார்கள்" என்ற ஏச்சுக்குப் பயந்து அதைக் கேட்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது யாரும் போடும் பிச்சையல்ல. 2016இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை அரசு தர வேண்டிய தொகை. உடனடி நிவாரணத்துக்கு 7 நாள் கெடு உண்டு. பெரும்பாலான குற்றங்களுக்கு முதல் தவணை முதல் தகவல் அறிக்கையோடு தொடங்குவதால், அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் விடாமல் கேட்க வேண்டும்.

விசாரணை அதிகாரி டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தந்து அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. தகவல் வந்தால் போய் நில்லுங்கள், துணைக்கு ஆளோடு. நீதிமன்றத்துக்கு வந்து போகும் பஸ் கட்டணமும் இழந்த நாள் கூலியும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் விதி 11இன்படி உண்டு. கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. வரும் ஒவ்வொரு நாளுக்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.