போர்ட்ரெய்ட்: உருவப்படமா, முகப்படமா?

கைப்பேசிக் கேமராவில் ‘போர்ட்ரெய்ட்’ என்பதைத் தொட்டால் ஆள் தெளிவாகவும் பின்புறம் மங்கலாகவும் விழுகிறது. அச்சகத்தில் அதே சொல்லைச் சொன்னால் தாளை நெட்டுவாக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டூடியோக்காரருக்கு அது மார்பளவுப் படம். ஓவியம் படிக்கும் பிள்ளைக்கோ, ஒரு மனிதரை எதிரில் உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைகிற வேலை. சொல் பிறந்தது இந்தக் கடைசி வேலையிலிருந்துதான்.

பழைய பிரெஞ்சில் ‘போர்த்ரேர்’ என்றால் வரைதல். அதற்கு மூலம் லத்தீனின் ‘ப்ரோத்ரஹெரே’. ‘ப்ரோ’ என்றால் முன்னே, வெளியே. ‘த்ரஹெரே’ என்றால் இழுத்தல். டிராக்டருக்குப் பெயர் வந்ததும் இந்த ‘இழுத்தலிலிருந்து’தான். நாமும் கோடு ‘இழுக்கிறோம்’ என்பதால் இழுப்பது வரைவதானதில் நமக்கு வியப்பு இருக்காது. லத்தீனிலேயே இந்தச் சொல்லுக்கு ‘வெளிப்படுத்துதல்’ என்ற பொருளும் உண்டு. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவது என்னும்போதே கேள்வியும் எழுகிறது: யாருடையதை, யார், யாரைக் கேட்டு வெளியே கொண்டுவருவது?

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் உருவப்படம். ‘படம்’ முதலில் துணியைக் குறித்தது. பேகன் மயிலுக்கு ஈந்த போர்வையைப் பரணர் ‘படாஅம்’ என்கிறார் (புறநானூறு 141). துணிமேல் எழுதிய ஓவியத்துக்கு ஆகி, பிறகு எல்லாச் சித்திரத்துக்கும் ஆயிற்று. முகப்படம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். முகம் மட்டும் உள்ள படத்துக்கு அது சரி. ஆனால் கையும் உட்கார்ந்த விதமும் உடுத்திய உடையும் சேர்ந்துதான் ஒருவரைக் காட்டுகின்றன என்பதால் உருவப்படமே பொருத்தம். வரைந்ததை உருவ ஓவியம் எனலாம், கேமராவில் எடுத்ததை உருவ ஒளிப்படம் எனலாம். ‘புகைப்படம்’ வழக்கில் வேரூன்றிவிட்டது. அதோடு சண்டை வேண்டாம்.

ஒரு தயக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். செய்தித்தாளில் ‘உருவப்படத்தைத் திறந்துவைத்தார்’ என்று படித்தால், மாலை போட்ட மறைந்த தலைவர்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் உயிரோடு இருப்பவரின் படத்தை இப்படிச் சொல்ல நாக்கு கூசுகிறது. சொல்லைப் புழங்கப் புழங்க அந்தக் கூச்சம் போய்விடும். நல்ல சொல் ஒன்றை இறந்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நமக்குத்தான் நட்டம்.

பெயர்ச்சொல்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொல். ‘அவளைப் படம் எடுத்தார்கள்’ என்கிறோம். ‘அவள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள்’ என்றும் சொல்கிறோம். இரண்டாவதில் கேமராவைப் பிடித்தவர் வேறொருவர்தான். ஆனாலும் ‘கொள்’ என்ற துணைவினை வந்து சேர்ந்ததும் எழுவாய் அவளாகிவிடுகிறாள். உருவப்படத்தின் அறம் முழுவதும் இந்த ஒரு துணைவினையில் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், அமெரிக்க ஒளிப்படக்காரர் டொரோத்தியா லாங் எடுத்த படத்தைப் பாருங்கள். அரசாங்க வேலையாகப் போனவர் அவர். நடுவில் ஒரு பெண், வலக்கை விரல்கள் கன்னத்தோரம், பார்வை எங்கோ தூரத்தில். இரண்டு பிள்ளைகள் அவள் தோளில் சாய்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் தெரியாததால் நம் கண் அந்தத் தாயின் நெற்றிச் சுருக்கத்தை விட்டு அகலுவதில்லை. பட்டினியில் கிடந்த அந்த முகாமுக்குப் படம் வெளியானபின் அரசு உணவு அனுப்பியது. படம் நல்லது செய்தது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் படத்தோடு உள்ள குறிப்பைப் படியுங்கள். அவளுக்கு 32 வயது என்று இருக்கிறது, 7 பிள்ளைகளின் தாய் என்று இருக்கிறது. பெயர் இல்லை. லாங் கேட்கவில்லை, தான் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் உலகுக்குத் தெரிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு அதில் ஒரு காசும் வரவில்லை என்று அப்போது தாம்சன் மனம் நொந்து சொன்னார். 42 ஆண்டுகள் வறுமைக்கே முகமாக இருந்தவர், அந்தக் காலம் முழுக்கத் தன் பெயரில் பிழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிக்கொண்டிருந்தார். லாங்கின் நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. ஒரு பெயரைக் கேட்க ஆகும் நேரம் அவரிடம் இருந்தது என்பதைத்தான் விடமுடியவில்லை.

நோக்கமே கெட்டதாக இருந்த இடமும் உண்டு. 1960இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், பிரெஞ்சு ராணுவம் கிராமத்தாருக்கு அடையாள அட்டை கொடுக்க முனைந்தது. கட்டாய ராணுவச் சேவையில் இருந்த மார்க் கராஞ்சே சுமார் 2,000 பேரைப் படமெடுத்தார், பெரும்பாலும் பெண்கள். முக்காட்டை நீக்கச் சொல்லி உத்தரவு. வெளியாருக்குக் காட்டாத முகத்தோடு அவர்கள் கேமராவை முறைக்கிறார்கள். மறுக்க வழியில்லாதவர்கள் கண்ணாலேயே மறுத்த படங்கள் அவை.

இதற்கு நேரெதிர் ஃபிரடெரிக் டக்ளஸ். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அமெரிக்காவின் பெரும் பேச்சாளரானவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவரளவுக்குப் படம் எடுத்துக்கொண்டவர் இல்லை என்கிறார்கள். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்துள்ளன. கறுப்பின மக்களைப் பல்லிளிக்கும் கேலிச்சித்திரமாக வரைந்த காலத்தில் நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், நேராகப் பார்த்து உட்கார்ந்தார். ‘எடுத்துக்கொண்டார்’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நம் ஊரில் இந்தக் ‘கொள்’ அடிக்கடி விடுபடுவது உதவி வழங்கும் விழாக்களில். நோட்டுப் புத்தகம் வாங்க வரும் பிள்ளையின் கையில் அதைப் பாதி கொடுத்து, மீதியைக் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு, இருவரையும் கேமரா பக்கம் திரும்பச் சொல்கிறார்கள். பிள்ளை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கிறது. வாங்காமல் போகமுடியாதவரிடம் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது. குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைகள், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் ஆகியோரின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையைக் காக்க அந்தப் பிரிவு வராது. அந்தப் பொறுப்பு கேமரா பிடிப்பவருடையது.

ஆகவே எழுதும்போது பிரித்தே எழுதுவோம். தாள் வைக்கும் போக்குக்கு நெட்டுவாக்கு. முகம் மட்டுமென்றால் முகப்படம். தன்னைத் தானே எடுத்தால் தற்படம். எதிரில் இருப்பவர் அறிந்து, இசைந்து, தானும் பங்கெடுத்து உருவானதற்கு உருவப்படம். தெருவில் ஒருவர் அறியாமல் எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தெருப்படம்தான். உருவப்படம் என்று அதற்குப் பெயரிட வேண்டாம்.