நன்றியுரையில் இரண்டு வரி காலி

போன மார்ச்சில் ஓர் ஆராய்ச்சி மாணவி என் எதிரே உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார். அவருடைய ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கம். கைடு, துறைத்தலைவர், டிசி எனும் ஆய்வுக்குழு உறுப்பினர்கள், கருவி மக்கர் பண்ணும்போதெல்லாம் வந்து சரிசெய்து கொடுத்த லேப் அண்ணன், அப்பா, அம்மா, ராத்திரி ஒன்பது மணிக்குப் போனாலும் இரண்டு சப்பாத்தி எடுத்து வைத்திருக்கும் மெஸ் அக்கா. யாரையும் விடவில்லை. கடைசிப் பத்திக்கு முன்னால் மட்டும் இரண்டு வரிக்கு இடம் காலியாக இருந்தது.

"இங்க யாரு வரணும்?"

"என் ரூம்மேட் மேம். எட்டு மாசமா பேச்சு இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சண்டையெல்லாம் எதுவும் போடல" என்றார்.

உளவியல் ஆலோசகராகக் கோட்டூர்புரத்தில் அறை வைத்திருக்கிறேன். கிண்டி, அடையாறு, தரமணி என்று சுற்றிலும் வளாகங்கள் இருப்பதால் என்னிடம் வருகிறவர்களில் பிஎச்.டி. ஸ்காலர்கள் நிறைய. தூக்கம் வரவில்லை, கைடு திட்டுகிறார், எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்றாவது, நாலாவது சந்திப்பில் மெல்ல இந்த வாக்கியம் வரும்: "சண்டையெல்லாம் எதுவும் போடல." கடைசி வருஷத்தில் நட்புகள் இப்படித்தான் போகின்றன. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. (இங்கே எழுதுவது எதுவும் ஒரே ஆளின் கதை கிடையாது. இரண்டு மூன்று பேரைக் கலந்து, துறையையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.)

எனக்குத் தெரிந்த முதல் காரணம் கடிகாரம். ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்சி. வரை நாம் 'செட்'டாகவே வளர்கிறோம். ஒரே நாளில் பரீட்சை, ஒரே நாளில் ரிசல்ட். ஃபெயிலானால்கூட அரியர் எழுத நாலு பேர் துணைக்கு இருப்பார்கள். பிஎச்.டி.யில்தான் முதல்முறையாக ஆளுக்கொரு கடிகாரம். ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருத்திக்கு மூன்றாம் வருஷமே சோதனையில் வேண்டிய ரீடிங் வந்துவிடும். இன்னொருத்திக்குச் சோதனை மாதிரி (சாம்பிள்) கெட்டுப்போகும், கருவி ஆறு மாசம் படுத்துக்கொள்ளும், கைடு வேறு ஊருக்கு மாறிப் போவார். முந்திப் போனவளுக்குப் பேசக் கூச்சம். பின்தங்கியவளுக்குப் பார்க்கவே கூச்சம். இரண்டு பக்கமும் இருப்பது கூச்சம்தான், ஆனால் எதிரே இருப்பவர் கண்ணுக்கு அது திமிராகத் தெரியும்.

இரண்டாவது காசு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நெட் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், அதன் அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் 5 வருஷம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறையோ ஆய்வை முடிக்க 6 வருஷம் தருகிறது, மறுபதிவு செய்தால் மேலும் 2. அதாவது பணம் நிற்கிற நாளும் வேலை முடிகிற நாளும் ஒன்றாக வருவதில்லை. கையில் காசு வற்றுகிற அதே மாதங்களில்தான் பைண்டிங் செலவு, சமர்ப்பிப்புக் கட்டணம், வேலைக்கு விண்ணப்பம் போட டிடி எல்லாம் வரிசை கட்டும். ஃபெல்லோஷிப்பே இல்லாமல் மாலையில் டியூஷன் எடுத்து ஆய்வு செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம்.

ஒரு பையன் சொன்னார்: "வியாழக்கிழமையானா எங்க கேங் பிரியாணி சாப்பிடப் போகும் மேடம். நான் தலைவலின்னு சொல்லிருவேன். நாலு தடவை சொன்னேன். அஞ்சாவது தடவை அவங்க கூப்பிடல." கேங்கில் ஒருவர் பின்னால் என்னிடம் வந்தார், வேறு விஷயமாக. பேச்சுவாக்கில் அவராகவே சொன்னது: "வேலை கிடைக்கப்போற திமிரு மேடம் அவனுக்கு." ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல முடியாத தொழில் என்னுடையது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது காரணம் இடம். 1950-இல் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று கணக்கெடுத்ததை வெளியிட்டார்கள். பக்கத்துக் கதவுக்காரரை நண்பர் என்றவர்கள் 41 சதவீதம். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருப்பவரை அப்படிச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். குணம், ரசனை எல்லாம் அப்புறம், முதலில் சுவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நட்பு உருவாக ஏறக்குறைய 200 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று மதிப்பிட்டார். நம் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். வளாகத்து டீக்கடையில் காலை 20 நிமிஷம், மாலை 20 நிமிஷம், மாசம் 25 நாள். ஒரே வருஷத்தில் 200 மணி நேரம் சேர்ந்துவிடும். யாரும் 'நட்பு வளர்க்கிறோம்' என்று நினைத்துச் செய்யவில்லை. டீ குடித்தோம், அவ்வளவுதான்.

அதனாலேயே விடுதி அறையைக் காலி செய்ததும் தடுமாறுகிறோம். நட்பைத் தாங்கிப் பிடித்திருந்தது டீக்கடை பெஞ்சு என்று தெரியாமல், 'அவ மாறிட்டா' என்கிறோம். பார்க்காமலேயே நட்பு பூண்ட கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. பாண்டிய நாட்டுப் புலவர் வந்தே தீருவார் என்று நம்பி, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த இடத்தில் தன் பக்கத்தில் அவருக்கும் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான் சோழன். அவரும் வந்தார். ஆனால் இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றாலே அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிகிறதே. நமக்கெல்லாம் பெஞ்சு வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆய்வு செய்த காலத்தில் என் அறைத்தோழியின் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, ஒரு புதன்கிழமை. எனக்கு அன்று ஒரு பள்ளியில் தரவு சேகரிக்கும் வேலை இருந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். தள்ளிப்போடவில்லை. அவள் முடித்துவிட்டாள், நான் இன்னும் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்பதை அத்தனை பேர் முன்னால் சமோசா தின்றுகொண்டே தாங்க முடியும் என்று தோன்றவில்லை. மறுநாள் துறைக்குப் போனால் என் மேஜை டிராயரில் ஒரு காகிதத் தட்டு, ஒரு சமோசா, ஒரு லட்டு, மேலே டிஷ்யூ போட்டு மூடியிருந்தது. எறும்பு மொய்த்துவிட்டது. அவள் அன்று காலையே திருநெல்வேலிக்கு வண்டி ஏறிவிட்டாள். நன்றி சொல்லி அனுப்பினேன். 'வர முடியல, சாரி' என்று எழுதினேனே தவிர, ஏன் வரவில்லை என்று எழுதவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆனது.

பொறாமை என்ற சொல்லை என் அறையில் யாரும் முதலில் உச்சரிப்பதில்லை. 'ஃபீல் ஆச்சு' என்பார்கள், 'டிஸ்டர்ப்டா இருந்தது' என்பார்கள். நல்ல பிள்ளைகள் பொறாமைப்பட மாட்டார்கள் என்று வளர்க்கப்பட்டவர்கள் ஆயிற்றே. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவளிடம் இருப்பதில் குறிப்பாக எது வேண்டும் உனக்கு? ஜெர்மனியில் போஸ்ட் டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப்பணி) கிடைத்த தோழியைப் பார்த்து எரிச்சலாக இருக்கிறது என்ற பெண், பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, "ஜெர்மனியெல்லாம் எனக்கு வேண்டாம் மேம். அவ மத்தியானம் தூங்குறா. அதான்" என்றார். அதைச் சொன்னபின் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கைடிடம் போய், ஐந்தாம் அத்தியாயத்தில் புதிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை, இவ்வளவு போதும் என்று சொல்லும் முடிவுக்கு வந்தார். ஆய்வு கற்றுக்கொடுக்கிற பெரிய பாடம் பெரும்பாலும் இப்படி ஒரு சம்பந்தமில்லாத இடத்திலிருந்துதான் வருகிறது. 'இவ்வளவு போதும்' என்று கைடு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தவர் அன்றைக்கே பாதி டாக்டர் என்பது என் கட்சி.

சரி, என்னதான் செய்வது? நான் சொல்வது சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

'எப்ப சப்மிட் பண்ற?' என்ற கேள்விக்குத் தடை போடுங்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில் 'உனக்கு எப்ப?' என்று கேட்பதைவிட இது மோசம், ஏனென்றால் கேட்பவர் நமக்குப் பிடித்தவர். 'இதை மட்டும் கேட்காதே, வேற எது வேணும்னாலும் கேளு' என்று நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் பெரும்பாலானவர்கள் நிம்மதிப்பெருமூச்சு விடுகிறார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் அந்தப் பாழும் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். காசு விஷயமும் அப்படித்தான். தலைவலி என்பதற்குப் பதில் 'இந்த மாசம் டைட்டு, டீ மட்டும் வாங்கிக் குடு' என்பது நாலே நொடி.

சேர்ந்து உட்காருங்கள், பேச வேண்டியதில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப்பகுதி இருக்கிறது. என்னிடம் வரும் இருவர் சனிக்கிழமைதோறும் அங்கே அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அவரவர் அத்தியாயத்தை எழுதுகிறார்கள். மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை கிடையாது. வெளியே வந்து ஒரு டீ. ஊரைவிட்டுப் போனவர்களோடு வீடியோ அழைப்பை மியூட்டில் போட்டு இதையே செய்யலாம், நன்றாகவே ஓடுகிறது.

நன்றியுரையைக் கடைசி ராத்திரி எழுதாதீர்கள். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் பிளேஜியரிசம் ரிப்போர்ட் 10 சதவீதத்துக்குள் வந்த களிப்பில், பிரிண்ட் கடையில் நின்றுகொண்டு, சீனியரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டுவதுதான் இங்கே வழக்கம். பிளேஜியரிசம் பார்க்காத பக்கம் ஆயிற்றே அது! மூன்று மாசம் முன்னாலேயே எழுதுங்கள். யார் பெயரை எழுதும்போது கை தயங்குகிறதோ, அவருக்கு ஒரு செய்தி அனுப்ப இன்னும் அவகாசம் இருக்கும். பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், விடுதி, லேப் என்று கையெழுத்துக்கு அலையும் வாரத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

இன்னொன்று, பலரும் எதிர்பார்க்காதது. சமர்ப்பித்த பிறகுதான் சிலர் உடைகிறார்கள். புறத்தேர்வாளர்கள் அறிக்கை வந்து, வைவா முடிய மாதக்கணக்கில் ஆகும். 6 மாதத்துக்குள் முடிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது யுஜிசி விதி. அதற்குள் விடுதியைக் காலி செய்தாக வேண்டும். மாணவரும் இல்லை, டாக்டரும் இல்லை. ஊரில் 'படிப்பு முடிஞ்சுதா?' என்றால் ஆமாம் என்பதா இல்லை என்பதா? இந்த இடைவெளிக்கு யாராவது ஒருவருடன் வாராவாரம் பேச ஒரு நாளையும் நேரத்தையும் சமர்ப்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நண்பரால் தீர்க்க முடியாத கட்டமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, 'நான் இல்லாட்டி நல்லது' என்ற நினைப்பு எட்டிப் பார்ப்பது. இதில் கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. நண்பர் ஒருவர் இப்படிப் பேசினால் 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. கேட்டபின் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்த நன்றியுரைப் பெண் அன்று என் அறையிலேயே தோழிக்கு ஒரு செய்தி எழுதினார். நாலு தடவை அழித்து எழுதியதில் கடைசியில் மிஞ்சியது: 'அடுத்த மாசம் சப்மிட் பண்றேன்டி. உன் பேர் எழுதணும். நீ முடிச்சப்ப எனக்கு வயிறெரிஞ்சுது, அதான் பேசல.' நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அடுத்த வாரச் சந்திப்புக்கும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். தோழி எழுதியிருந்தாள்: 'கேட் பக்கத்துல இருக்குற கடையில மட்டும் பைண்டிங் குடுத்துராத. கில்ட் எழுத்துல என் இனிஷியலையே மாத்தி அடிச்சுட்டான். ரெண்டாவது கடைக்குப் போ. கலர் என்ன சொன்னாங்க உன் டிபார்ட்மென்ட்ல?'